பதினைந்து நிமிடம் போதும்: எல்லைப்புற வீடுகளில் குடும்ப ஜெபம் தொடங்குகிறவர்களுக்கு

தமிழக-கேரள எல்லையில், களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போகும் சாலையோர ஊர்களிலும், கிழக்கே பனச்சமூடு, வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் காட்டு ஊர்களிலும் விளக்கு வைக்கும் நேரத்தில் நடந்து போனால் ஏதாவது ஒரு கிறிஸ்தவ வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் மலையாளம், சில வீடுகளில் பாட்டு தமிழிலும் ஜெபம் மலையாளத்திலுமாக. குடும்ப ஜெபம் என்று இங்கே எல்லாரும் சொல்வது அதைத்தான்.

புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்கள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், சின்ன வயதில் பாட்டி நடத்தியதோடு விட்டுப்போய் இப்போது பிள்ளைகளுக்காக மறுபடி தொடங்க நினைக்கிறவர்கள் ஆகியோருக்கான வழிகாட்டி இது.

தொடங்குவது எளிதுதான். முதல் வாரம் எல்லாரும் பாயில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பத்தாம் நாள் பையனுக்கு டியூஷன் இருக்கும், பன்னிரண்டாம் நாள் விருந்தாளி வருவார், பதினைந்தாம் நாள் யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள். இதைப் பக்திக் குறைவு என்று நினைத்து மனம் உடைய வேண்டாம். பெரும்பாலும் காரணம் நீளம்தான். முதல் நாளே முக்கால் மணி நேரம் வைத்த வீடுகளே சீக்கிரம் கைவிடுகின்றன. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கும்முன், அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறார். அதற்குப் பிறகு அவர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை, கர்த்தருடைய ஜெபம் என்கிறோமே அதை, நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம்தான் ஆகும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குடும்ப ஜெபம் என்பது ஆலய ஆராதனையின் சின்னப் பதிப்பு அல்ல. ஞாயிற்றுக்கிழமை கேட்டது திங்கட்கிழமை அடுக்களையில் என்ன ஆகிறது என்று பார்க்கிற இடம் அது. கோபம், கடன், நாக்கு, மாமியார் மருமகள் வருத்தம், பிள்ளையின் மார்க்கு எல்லாம் அங்கே வரும். வராவிட்டால் அந்த ஜெபத்தில் ஏதோ குறைகிறது.

நேரத்தை வீட்டு வேலையிடம் கேளுங்கள்

"அதிகாலையில் ஜெபிப்பதே சிறந்தது" என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். ரப்பர் வெட்டுக்குப் போகிறவர் நான்கு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ரப்பர் பால் எடுத்து ஷீட் அடித்துத் திரும்பும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடும். அந்த வீட்டில் காலை ஜெபம் என்று வைத்தால் வீட்டுத் தலைவர் ஒருநாளும் இருக்கமாட்டார். கடலோரத்தில் பூவார், கொல்லங்கோடு பக்கம் மீன்பிடிக்கப் போகிற வீடுகளில் நேரம் வேறு. திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போய்வருகிற அலுவலக வீடுகளில் அது மறுபடி வேறு. வீட்டில் உள்ள எல்லாரும் விழித்திருக்கிற நேரம் எது என்பதை ஒரு வாரம் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"ஏழு மணிக்கு" என்று கடிகாரத்தைச் சொல்வதைவிட, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுவது நிற்கும். "எல்லாரும் கைகால் கழுவி வந்ததும், கஞ்சி விளம்புவதற்கு முன்" என்று வைத்தால் ஆறே முக்காலானாலும் ஏழேகாலானாலும் நடக்கும். சாப்பாட்டுக்குப் பின் என்று மட்டும் வைக்காதீர்கள். வயிறு நிறைந்த சின்னப் பிள்ளைக்கு இரண்டாம் வசனத்திலேயே கண் சொக்கிவிடும். பாயில் தூங்குகிற பிள்ளையை அப்பா தட்டியெழுப்புவார், அம்மா முகம் மாறும், அன்றைய ஜெபம் அத்தோடு தீர்ந்தது.

டிவி சீரியலோடு போட்டி போடவும் வேண்டாம். பாட்டிக்குப் பிடித்த சீரியல் ஏழரைக்கு என்றால் ஜெபம் ஏழேகாலுக்குள் முடியட்டும். "சீரியலா ஜெபமா?" என்று கேட்டால் வாயால் ஜெபம் என்றுதான் சொல்வார், மனசு அங்கே இருக்கும். எதற்கு அந்தச் சோதனை?

செல்போன்களை ஒரு தட்டில் போட்டு அடுத்த அறையில் வையுங்கள். அப்பாவின் போனும் அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை அப்பா மீறுகிற வீட்டில் மற்றவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் கடைப்பிடிப்பதில்லை.

பதினைந்து நிமிடத்தை எப்படிப் பங்கிடுவது

முதல் வாரம் ஐந்து நிமிடம் மட்டும். ஒரு பாட்டில் இரண்டு சரணம், கர்த்தருடைய ஜெபம், முடிந்தது. பிள்ளைகள் "இவ்வளவுதானா?" என்று கேட்கிற அளவுக்குக் குறைவாக இருக்கட்டும். இரண்டாம் வாரம் வேதவாசிப்பைச் சேருங்கள். மூன்றாம் வாரம் பேச்சும் ஆளுக்கொரு ஜெபமும். அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

முழு வடிவத்தில் கணக்கு இப்படி வரும்: பாட்டு 2 நிமிடம், வாசிப்பு 4, வாசித்ததைப் பற்றிப் பேச்சு 3, ஜெபம் 5, கர்த்தருடைய ஜெபமும் ஆசீர்வாதமும் 1. பாட்டை மாற்றி மாற்றிப் பாடாமல் ஒரு வாரத்துக்கு ஒரே கீர்த்தனை என்று வைத்தால் சனிக்கிழமைக்குள் சின்னப் பிள்ளையும் புத்தகம் பார்க்காமல் பாடிவிடும்.

எதை வாசிப்பது? புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, ஆதியாகமத்தில் தொடங்குவது. ஆதியாகமம் கதையாக ஓடும், யாத்திராகமம் பாதிவரை ஓடும். அப்புறம் ஆசரிப்புக்கூடாரத்தின் பலகைகளும் கொளுக்கிகளும் வரும், லேவியராகமத்தில் வண்டி நின்றுவிடும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். நாளுக்கு 15 முதல் 20 வசனம் என்று போனால் ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும். முதல் அதிகாரத்தில் மட்டும் 45 வசனம் இருப்பதால் அதை மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்து யாக்கோபு நிருபம், ஐந்தே அதிகாரம், முழுக்க நாக்கும் கோபமும் பணமும்தான். குடும்பத்துக்கென்றே எழுதினதுபோல இருக்கும்.

நீதிமொழிகளில் 31 அதிகாரம். தேதிக்கு ஒன்று என்று தனியாகக் காலையில் சாயா குடிக்கும்போது வாசிக்கலாம்; மறந்துபோனாலும் இன்று என்ன தேதி என்று பார்த்தால் இடம் கிடைத்துவிடும். சங்கீதம் 119 என்றதும் 176 வசனம் என்று பயப்பட வேண்டாம். அது எட்டெட்டு வசனமாக 22 பகுதி, நாளுக்கு ஒரு பகுதி பிள்ளைகளுக்குச் சரியான அளவு. புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும், சனி ஞாயிறு மிச்சம். முழு வேதாகமத்தையும் ஒரு வருடத்தில் முடிப்பது தனியாக வாசிக்கிறவர்களுக்கான காரியம்: நாள்தோறும் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் 1189 அதிகாரமும் அடங்கிவிடும். பிள்ளைகளோடு அதை முயன்றால் ஓட்டப்பந்தயமாகிவிடும்.

கத்தோலிக்க வீடுகளில் செபமாலை இருக்கும். ஐந்து பத்துமணிகளுக்கும் சேர்த்துக் கால் மணி முதல் இருபது நிமிடம் ஆகும். சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வார நாட்களில் ஒரு பத்துமணியும் ஒரு சிறு நற்செய்திப் பகுதியும் போதும். முழுச் செபமாலையைச் சனிக்கிழமைக்கு வைக்கலாம். புத்தக எண்ணிக்கையில் குழம்ப வேண்டாம்: சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66, கத்தோலிக்க விவிலியத்தில் 73. சம்பந்தி வீடு மற்ற சபை என்றால் இது முதல் வாரத்திலேயே பேச்சில் வரும், பதில் தெரிந்திருப்பது நல்லது.

பேச்சு மூன்று நிமிடம் என்றேனே, அதில் ஒரே ஒரு கேள்விதான்: "இதில் யார் இன்றைக்கு நம்மைப்போல இருக்கிறார்?" பெரியவர் விளக்கவுரை ஆற்றத் தொடங்கினால் பிள்ளைகளின் வாய் மூடிவிடும். தெரியாததைக் கேட்டால் "தெரியலை மக்ளே, ஞாயிற்றுக்கிழமை ஐயர்ட்ட கேப்போம்" என்று (ஐயர் என்றால் இங்கே சபைப் போதகர்) சொல்லி ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதினதை உண்மையிலேயே கேட்க வேண்டும்.

இரண்டு மொழி வீடு

எல்லைப்புறத்தில் இதுதான் பெரிய சிக்கல், பெரிய வசதியும்கூட.

மிஷனெரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தபோது இங்கே மாநில எல்லை கிடையாது, எல்லாம் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. ஆகவே பாட்டி கையில் தமிழ் வேதாகமம், பேரன் படிப்பது மலையாளப் பள்ளி, மருமகள் மலையாள வீட்டிலிருந்து வந்தவள் என்கிற குடும்பங்கள் இங்கே சாதாரணம். தமிழை நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கும் தமிழ் எழுத்து வாசிக்க வராது.

இந்த வீடுகளில் வழக்கமாக நடப்பது: பாட்டி வாசிப்பார், பிள்ளை கூரையைப் பார்க்கும். மாற்று வழி, இரண்டு வேதாகமத்தையும் பாயில் வைப்பது. ஒரே பகுதியைப் பாட்டி தமிழில் வாசிக்க, பேரன் மலையாளத்தில் வாசிக்கட்டும். நேரம் கூடாமலிருக்கப் பத்து வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடம் கண்டுபிடிக்கப் புத்தகப் பெயர்கள் தெரிய வேண்டும். ஆதியாகமம் மலையாளத்தில் உல்பத்தி, யாத்திராகமம் புறப்பாடு, சங்கீதம் சங்கீர்த்தனங்கள், நீதிமொழிகள் சத்ருசவாக்யங்கள், அப்போஸ்தலர் நடபடிகள் அப்பொஸ்தல ப்ரவிர்த்திகள், வெளிப்படுத்தின விசேஷம் வெளிப்பாடு. மாற்கும் லூக்காவும் கேட்டதுமே புரியும். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி இரண்டு வேதாகமத்தின் உள்ளட்டையிலும் ஒட்டுங்கள்.

இப்படி வாசிப்பதில் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. தமிழில் 23ஆம் சங்கீதம் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று தொடங்கும். இன்றைய பிள்ளைகளிடம் "தாழ்ச்சி" என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், "கீழே போறது" என்பார்கள். மலையாளத்தில் அதே வசனம் "யஹோவ என்றெ இடயனாகுன்னு, எனிக்கு முட்டுண்டாகயில்ல". முட்டு என்றால் நம் ஊரில் யாருக்குப் புரியாது? மழைக்காலத்தில் வெட்டு நின்று கையில் காசில்லாத முட்டுப்பாடுதான் அது. தமிழில் மறைந்துபோன பொருளை மலையாளம் எடுத்துக் கொடுக்கிறது. மேய்ப்பர் என்றால் நம் இடையன்தான் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

கர்த்தருடைய ஜெபத்தை ஒரு நாள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றும் மறுநாள் "ஸ்வர்க்கஸ்தனாய ஞங்ஙளுடெ பிதாவே" என்றும் மாற்றிச் சொல்லுங்கள். திங்கள், புதன், வெள்ளி ஒன்று, மற்ற நாள் மற்றது என்று வகுத்துவிட்டால் வாக்குவாதம் வராது. மருமகள் மலையாளத்தில் ஜெபிக்கும்போது யாரும் திருத்தக் கூடாது. அதேபோல் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை "ழ"வைத் தவறவிட்டால் அந்த இடத்தில் சிரிக்கக் கூடாது. ஒரு சிரிப்பு போதும், அடுத்த ஆறு மாதம் அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க விரும்பினால் அதை ஜெப நேரத்தில் செய்யாதீர்கள். சனிக்கிழமை பகலில், அந்த வாரம் வாசித்த ஒரே ஒரு வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வசனம் ஏற்கெனவே காதில் இருப்பதால் கண் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

ஜெபத்தில் என்ன சொல்வது

புதியவர்களுக்கு வரும் முதல் பயம் "எனக்கு ஜெபிக்கத் தெரியாதே". நான்கு வாக்கியம் போதும்: இன்று நடந்த ஒரு நல்ல காரியத்துக்கு நன்றி, இன்று நான் செய்த ஒரு தவறு, வெளியே ஒருவருக்காக, எனக்காக. நான்காவதை முதலில் வைத்தால் மற்ற மூன்றுக்கும் இடம் இருக்காது.

"எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரம்" என்பதை விட்டுவிடுங்கள். "கிணற்றில் மோட்டார் ரிப்பேர் ஆனதைச் சரிபண்ண ஆள் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்" என்று சொல்லும் பிள்ளை நன்றி சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. ஊர் உலகத்துச் செய்தியையெல்லாம் ஆண்டவருக்கு வாசித்துக் காட்டுவதும் வேண்டாம், அவருக்குத் தெரியும்.

இனி, குடும்ப ஜெபத்தைக் கொல்லுகிற முதல் விஷத்துக்கு வருவோம். அதன் பெயர் சாடை. நேரில் சொல்லத் துணிவில்லாததைக் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வது.

"ஆண்டவரே, இந்த வீட்டுக்கு வந்தவளுக்கு நல்ல புத்தியைக் கொடும். பெரியவங்க பேச்சைக் கேக்கிற மனசைத் தாரும்."

"இயேசப்பா, சம்பாத்தியத்தைக் குடியில கொண்டு விடுற மனுசனுக்கு இரக்கம் பாராட்டும்."

"கர்த்தாவே, ஒன்பதாம் கிளாஸ் படிக்கிற ஒருத்தன் போனே கதின்னு கெடக்கான், நீர் அவனைத் தொடும்."

கேட்கிறவருக்கு அது ஜெபமாகப் படாது, ஆமென் சொல்ல வேண்டிய ஒரு திட்டாகத்தான் படும். பதில் பேசவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. மறுநாள் "எனக்குத் தலைவலி" என்று படுத்துக்கொள்வார். மூன்றாம் நாள் தலைவலி இல்லாமலேயே வரமாட்டார்.

இதற்கு ஒரு விதி உண்டு, முதல் நாளே எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள்: பாயில் உட்கார்ந்திருக்கிற யாரைப் பற்றியும் அவர் கேட்காமல் ஜெபிக்கக் கூடாது. "எனக்கு நாளைக்குப் பரீட்சை, ஜெபிங்க" என்று அவன் கேட்டால் ஜெபிக்கலாம். குறை சொல்ல வேண்டியிருந்தால் "நான்", "எனக்கு" என்றுதான் வர வேண்டும். "இவளுக்குப் பொறுமை கொடும்" என்பதை "எனக்குப் பொறுமை கொடும், இன்னைக்கு மத்தியானம் நான் சத்தம் போட்டுட்டேன்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சொல்லவே தொண்டை அடைக்கும். அடைக்கிறதென்றால் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். மாமியார் இதை ஒரு தரம் சொல்லிவிட்டால், மருமகள் அடுத்த நாள் "மாமி, நானும் எதிர்த்துப் பேசினது தப்புதான்" என்பதை எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்துக்கொண்டு சொன்னால் மட்டும் வராது.

பெண் பார்க்கிற காலத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். "உம்முடைய சித்தம் வெளிப்படட்டும்" என்று கண்ணீரோடு ஜெபித்துவிட்டு, ஆமென் சொன்ன கையோடு எத்தனை சவரன், வண்டி எந்தக் கம்பெனி என்று பேச்சு போகும். வரதட்சணை 1961 முதல் சட்டப்படியே குற்றம். பாயைச் சுருட்டும் முன் பிள்ளைகள் இரண்டையும் கேட்கிறார்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

சண்டை நடந்த நாள்

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பது எபேசியர் 4:26. குடும்ப ஜெபத்தைச் சாயங்காலத்தில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மத்தேயு 5:23, 24 இன்னும் கண்டிப்பானது: காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு. சண்டை போட்ட நாளில் பாட்டை ஒத்திவையுங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்.

1. வயதில் மூத்தவர் முதலில் பேசுவார். தவறு யாருடையது அதிகம் என்ற கணக்கு இங்கே கிடையாது.

2. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிரு" என்பதில் ஒன்றுமே இல்லை. "காலையில பிள்ளைங்க முன்னாடி உன் வீட்டாளுங்களை இழுத்துப் பேசுனேன், அது தப்பு. மன்னிச்சிரு." அத்தோடு நிறுத்துங்கள்.

3. "ஆனா" என்ற சொல் வரக் கூடாது. "ஆனா நீயும்" என்று தொடங்கினால் முன்னே சொன்னது எல்லாம் அழிந்துவிடும்.

4. மற்றவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று நிற்காதீர்கள். "எனக்கு நாளைக்கு வரைக்கும் நேரம் வேணும்" என்பதும் நேர்மையான பதில்தான். அன்றைக்குக் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொல்லி எழுந்திருங்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் போதும்.

பிள்ளைகளை ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கச் சொல்லி அதட்டுவது வீண். பெரியவர்கள் இருவர் ஒரு தரம் இதைச் செய்வதைப் பார்த்தாலே அவர்களுக்கு வந்துவிடும்.

அடிக்கிற வீட்டில் இந்த வரிசை பொருந்தாது. கை நீட்டுகிறவரை "ஜெபத்தில் தாங்குவோம், நீ பொறுத்துக்கொள்" என்று பெண்ணிடம் சொல்வது பாவத்துக்குத் துணை போவது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இரண்டு எண்ணும் எல்லைக்கு இரு பக்கமும் வேலை செய்யும். முதலில் பாதுகாப்பான இடம், பிறகுதான் மன்னிப்புப் பேச்சு.

சனிக்கிழமை: பிடியரிசியும் கணக்கும்

வாரத்தில் ஒரு நாள் ஜெபத்தோடு பணத்தையும் பாயில் வையுங்கள். இங்கே பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது, பிடியரிசி. உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டின்னில் போடுவது. கழுவின பிறகு எடுத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு பிடி 40 முதல் 50 கிராம் வரும், ஒரு நேர உலைக்கு மாதம் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ. மழைக்காலத்தில் வண்டு விழும், ஆகவே இரண்டு காய்ந்த மிளகாயைப் போட்டு இறுக மூடி, பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கொடுத்துவிடுங்கள். ஆலயத்துக்கும் கொடுக்கலாம், அடுத்த வீட்டில் வேலையில்லாமல் இருக்கிறவருக்கும் கொடுக்கலாம். எடுத்துப் போடுகிற கை பிள்ளையின் கையாக இருந்தால் நல்லது, பிடி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) எப்படி என்று பலர் கேட்பார்கள். ரப்பர் ஷீட்டோ ஒட்டுப்பாலோ (உறைந்த ரப்பர் பால்) விற்ற அன்று, கைக்கு வந்த தொகையில் முன்பே முடிவு செய்த பங்கை ஒரு கவரில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசிவரை காத்திருந்தால் மிஞ்சாது. ஜூன் மழையில் வெட்டு நின்றால் கவரும் நிற்கும், அதில் குற்ற உணர்வு வேண்டாம். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுவது எந்த வகையிலும் சரியல்ல. ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது. கவரோடு கடன் நோட்டையும் எடுத்து, பலசரக்குக் கடை, சீட்டு, நகை அடகு என்று மூன்று தலைப்பில் எவ்வளவு நிற்கிறது என்பதைக் கணவன் மனைவி இருவரும் கேட்கச் சத்தமாக வாசியுங்கள். மறைத்து வைத்த கடன்தான் வீட்டை உடைக்கும், தெரிந்த கடனைச் சேர்ந்து அடைக்கலாம்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். கல்யாணம், காய்ச்சல், பரீட்சை எல்லாம் வரும். விட்ட அதிகாரங்களைச் சேர்த்து வாசிக்கப் போகாதீர்கள், அன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள்.

பதினைந்து வயதுப் பையன் வரமாட்டேன் என்றால் ஒரு வாரம் விடுங்கள். அவனைப் பாட்டுக்கு மட்டும் கூப்பிடலாம், அல்லது அவனே பகுதியைத் தேர்ந்தெடுக்கட்டும். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிற கொலோசெயர் 3:21 பிதாக்களுக்கு எழுதினது, பிள்ளைகளுக்கு அல்ல. கணவர் வராத வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் நடத்தலாம். அவர் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்ட வேண்டாம், கதவை மட்டும் திறந்து வையுங்கள். அக்கம்பக்கத்தில் வேறு மதத்தார் இருக்கும் தெருவில் மைக், ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். அவர்கள் வீட்டில் சாவு விழுந்த அன்று பாட்டை விட்டுவிட்டு வாசிப்பும் ஜெபமும் மெதுவாக நடக்கட்டும், முடிந்ததும் எழுந்து அந்த வீட்டுக்குப் போங்கள்.

இன்றிரவே தொடங்குகிறவர்களுக்கு: இந்த வாரம் ஐந்து நிமிடம்தான். ஒரு பாய், போன்களுக்கு ஒரு தட்டு, எல்லாருக்கும் தெரிந்த பாட்டில் இரண்டு சரணம், கர்த்தருடைய ஜெபம். அடுத்த வாரம் முதல் நாளுக்கு மாற்கு 1:1 முதல் 15 வரை குறித்து வையுங்கள். இரண்டு மொழியிலும் வாசிக்கிற வீடு என்றால் பத்து வசனம் போதும். ஆமென் சொன்னதும் கஞ்சியை விளம்பிவிடுங்கள், ஆறிப்போகும்.